வீட்டுக் கோழிகளுக்குக் குடற்புழு நீக்கம்: எச்ச மாதிரி முதல் மறுபரிசோதனை வரை

வீட்டுக்குப் பின்புறம் ஐந்தாறு கோழி முதல் இருபது முப்பது கோழி வரை வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கோழிகள் மெலியத் தொடங்கியபோது, கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு மருந்தின் பெயரைச் சொன்னார்களே தவிர, குடலில் இருப்பது எது என்று பார்த்தீர்களா என ஒருவரும் கேட்கவில்லை. மருந்துப் புட்டியோடு வந்த விவரத்தாளோ ஆயிரக்கணக்கான கோழிகள் உள்ள பண்ணையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டிருந்தது. எட்டுக் கோழிகளுக்கு எத்தனை மில்லி என்பதற்கு அதில் விடை இல்லை. ஒவ்வொன்றையும் கேட்டும் படித்தும் கணக்குப் போட்டும் தெரிந்துகொள்ள நேர்ந்த அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். இந்தக் கட்டுரை கால்நடை மருத்துவருக்கு மாற்று அல்ல. அவரிடம் எதைக் கொண்டுபோக வேண்டும், எதைக் கேட்க வேண்டும், வீடு திரும்பிய பின் எந்த நாளில் எதைச் செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. அவசரமா, பொறுக்கலாமா என்று முதலில் பாருங்கள்

குடற்புழு பெரும்பாலும் வாரக் கணக்கில் மெதுவாக வாட்டும் தொல்லை. கொண்டை வெளுப்பது, தீனி எடுத்தும் எடை கூடாமல் நெஞ்செலும்பு கத்திபோலக் கையில் தட்டுவது, முட்டை குறைவது, எச்சம் தளர்வது ஆகியவை அதன் வழக்கமான அறிகுறிகள். இப்படியிருந்தால் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் செலவிடுவதால் கேடில்லை.

இரண்டு நிலைமைகளில் மட்டும் காத்திருக்கக் கூடாது. குஞ்சுகள், குறிப்பாக மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகள், இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி நின்று, எச்சத்தில் இரத்தமும் தென்பட்டால், அது பெரும்பாலும் புழுவின் வேலையாக இருக்காது. ஐமீரியா என்ற ஓரணு ஒட்டுண்ணியால் வரும் இரத்தக் கழிச்சலாக இருக்கும். அதற்குக் குடற்புழு மருந்து எதுவும் வேலை செய்யாது. ஒரு நாள் தாமதமும் குஞ்சுகளைப் பறித்துவிடும் என்பதால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அடுத்து, நன்றாக இருந்த கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திடீரென்று இறந்தால், இறந்தவற்றை அறுத்துப் பார்க்காமல், கையுறை இல்லாமல் தொடாமல், கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் போன்ற நோய்களையும் அங்கே மனத்தில் வைக்க வேண்டும்.

எச்சத்தில் சில சமயம் தெரியும் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த சவ்வுத் துணுக்குகள் குடலின் உட்பூச்சு இயல்பாக உரிந்து வருபவை. கோழி சுறுசுறுப்பாக மேய்ந்துகொண்டிருந்தால் அதை இரத்தம் என்று எண்ணிப் பதற வேண்டாம்.

2. எதிரிகளைப் பிரித்தறியுங்கள்

உருண்டைப்புழு சிறுகுடலில் வாழ்வது. வெள்ளையாக, 5 முதல் 12 செ.மீ. வரை நீளம் இருக்கும். எண்ணிக்கை மிகுந்தால் குடலையே அடைத்துவிடும். இதன் முட்டை எச்சத்தோடு வெளியேறி, ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் ஏறத்தாழ இரண்டு வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் தன்மையைப் பெறுகிறது. அதன் பின் நிழலான ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடும். கோழி அதைக் கொத்தி விழுங்கி, உள்ளே புழு வளர்ந்து முட்டையிடத் தொடங்க ஐந்து முதல் எட்டு வாரம் ஆகும். இந்த இரண்டு கால அளவுகளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரும் தேதிகள் பலவும் இவற்றிலிருந்துதான் கிடைக்கின்றன.

குருட்டுக்குடல் புழு ஒன்று அல்லது ஒன்றரை செ.மீ. நீளமே உள்ளது. கோழிக்கு நேரடியாகச் செய்யும் கேடு குறைவு. ஆனால் வான்கோழிகளைக் கொல்லும் கரும்தலை நோயின் கிருமியை அதன் முட்டை சுமக்கிறது. வான்கோழியும் கோழியும் ஒரே இடத்தில் வளர்ந்தால் இந்தப் புழுவை அலட்சியம் செய்யக் கூடாது.

மயிர்ப்புழு நூலைவிட மெல்லியது. குடலை வெட்டித் திறந்தாலும் கண்ணுக்கு எளிதில் தெரியாது. சிறிய எண்ணிக்கையிலேயே கோழியை உருக்கிவிடும் என்பதால் என் கணிப்பில் இதுவே மோசமானது. நாடாப்புழுவோ எறும்பு, வண்டு, ஈ, நத்தை ஆகியவற்றைக் கோழி தின்பதன் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. எச்சத்தின்மேல் அரிசிமணி போன்ற துண்டுகள் கிடந்தால் அது நாடாப்புழுவின் உடற்கண்ணியாக இருக்கலாம்.

3. எச்ச மாதிரியை முறையாக எடுங்கள்

ஆய்வகத்தின் விடை சரியாக இருப்பதும் பிழையாவதும் பெரிதும் மாதிரியைப் பொறுத்தது. பழைய எச்சத்தை மண்ணோடு வழித்துக் கொண்டுபோனால், மண்ணில் தானாக வாழும் புழுக்களின் முட்டைகளும் சேர்ந்துவிடும். இரவில் கோழிகள் அடையும் கட்டைக்கு அடியில் சுத்தமான காகிதத்தையோ பிளாஸ்டிக் தாளையோ விரித்துவிட்டு, காலையில் அதன்மேல் கிடக்கும் எச்சத்திலிருந்து எடுங்கள்.

கோழிக்கு இரண்டு வகை எச்சம் உண்டு. வெள்ளைத் தொப்பியோடு உருண்டு கிடப்பது வழக்கமான எச்சம். இடையிடையே கரும்பழுப்பு நிறத்தில், குழம்புபோல் ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்துடன் வருவது குருட்டுக்குடல் எச்சம். இரண்டிலிருந்தும் எடுக்க வேண்டும். பத்துக் கோழிகளின் எச்சத்திலிருந்து கட்டைவிரல் நகம் அளவு ஒவ்வொன்றாக எடுத்து ஒரே டப்பாவில் சேர்த்தால் அது கூட்டு மாதிரி. ஒரு பரிசோதனைக் கட்டணத்தில் மந்தை முழுவதன் நிலையும் தெரிந்துவிடும். நோயுற்றதாகத் தோன்றும் கோழியின் எச்சத்தை மட்டும் தனி டப்பாவில் கொடுங்கள்.

டப்பா காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். உடனே கொண்டுசெல்ல முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில், உணவுப் பொருள்களிலிருந்து விலக்கி, 4 டிகிரி செல்சியஸ் அளவில் வையுங்கள். உறையவிட்டால் முட்டைகள் சிதைந்துவிடும். டப்பாவின் மேல் எடுத்த தேதி, கோழிகளின் எண்ணிக்கை, வயது, கடைசியாகக் கொடுத்த புழு மருந்தின் பெயர், அதைக் கொடுத்த தேதி ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். இவை இல்லாததால் மாதிரியைத் திருப்பி அனுப்பும் ஆய்வகங்களும் உண்டு. கொடுக்கும்போதே, புழு முட்டை எண்ணிக்கை, ஐமீரியா முட்டைக்கூடு (எச்சத்தோடு வெளிவரும் அதன் முட்டை போன்ற நிலை) ஆகிய இரண்டையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்; இருக்கிறது, இல்லை என்று மட்டும் சொல்லும் அறிக்கை பின்னால் ஒப்பிடப் பயன்படாது.

ஒரு கோழி மெலிந்து மெலிந்து இறந்துபோனால், அதை உடனே புதைத்துவிடாமல் குளிர்ச்சியாக வைத்து மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். குடலை நெடுக்காக வெட்டிப் பார்ப்பதைவிட உறுதியான பரிசோதனை வேறில்லை.

4. அறிக்கையை இப்படிப் படியுங்கள்

எண்ணிக்கை சுழியமாக இருப்பதால் புழுவே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. உள்ளே இருக்கும் புழுக்கள் இன்னும் முட்டையிடும் பருவத்துக்கு வராமல் இருக்கலாம். நாடாப்புழு தன் முட்டைகளை உடற்கண்ணிக்குள் வைத்தே வெளியேற்றுவதால், எச்ச எண்ணிக்கையில் அது தப்பிவிடுவது சகஜம். உருண்டைப்புழுவின் முட்டையும் குருட்டுக்குடல் புழுவின் முட்டையும் நுண்ணோக்கியில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். மயிர்ப்புழுவின் முட்டை இரு முனையிலும் அடைப்பு வைத்த எலுமிச்சை வடிவம். அது தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வளர்ந்த கோழியின் எச்சத்தில் சில ஐமீரியா முட்டைக்கூடுகள் இருப்பது இயல்பு. கோழி நலமாக இருந்தால் அதற்கு மருந்து வேண்டாம். ஆனால் குஞ்சுகளில் இரத்தக் கழிச்சலின் அறிகுறிகள் முட்டைக்கூடு எச்சத்தில் தெரிவதற்கு முன்பே தொடங்கிவிடலாம். அங்கே அறிக்கையைவிடக் குஞ்சின் நிலையை நம்புங்கள்.

5. ஒட்டுண்ணிக்கு ஏற்ற மருந்தைக் கேளுங்கள்

ஃபென்பெண்டசோல், ஃப்ளூபெண்டசோல் ஆகியவை உருண்டைப்புழு, குருட்டுக்குடல் புழு ஆகியவற்றுக்கு எதிராக நன்கு செயல்படுபவை. மயிர்ப்புழு என்றால் அளவையோ நாட்களையோ மருத்துவர் கூட்டிச் சொல்லக்கூடும். லெவாமிசோலும் உருண்டைப்புழுவை நீக்கும். ஆனால் அளவு மீறினால் கோழியையே தாக்கும் மருந்து அது. பைபரசின் வளர்ந்த உருண்டைப்புழுவை மட்டும் செயலிழக்கச் செய்து வெளியேற்றும். இளம் புழுக்கள் தப்பிவிடுவதால் மறுமுறை கொடுக்க வேண்டியிருக்கும். நாடாப்புழுவுக்குப் பிரசிக்வான்டல். இரத்தக் கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் அல்லது டோல்ட்ராசுரில். ஆம்ப்ரோலியம் ஒட்டுண்ணிக்குத் தயமின், அதாவது பி1 வைட்டமின், கிடைக்காமல் தடுத்து வேலை செய்வதால், அந்த நாட்களில் சத்து மருந்து என்று பி1 வைட்டமின் கலந்து கொடுத்தால் மருந்தின் பலனை நாமே குறைத்துவிடுவோம். டோல்ட்ராசுரிலை மனிதர் உண்ணும் முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுக்கக் கூடாது.

கழுத்தில் ஊற்றும் ஐவர்மெக்டினைப் பலர் எளிது என்று பரிந்துரைப்பார்கள். குடலில் உள்ள உருண்டைப்புழுவுக்கு அதை நம்ப முடியாது. முட்டையிலும் அந்த மருந்தின் மிச்சம் தங்கும். பூண்டு, பூசணி விதை, டயட்டமேசியஸ் மண் (நுண்பாசிகளின் ஓடுகளால் ஆன பொடி) ஆகியவை ஏற்கெனவே நிலைகொண்ட புழுக்கூட்டத்தை வெளியேற்றும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. அவற்றைக் கொடுத்துக்கொண்டே மாதங்களைக் கடத்துவதுதான் மெலிந்த கோழிக்கு நாம் செய்யும் பெருங்கேடு.

இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும் பருவத்தில் ஃபென்பெண்டசோல் கொடுத்தால் புது இறகு சிதைந்து வளரக்கூடும். கோழி தாங்கும் நிலையில் இருந்தால், தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

6. எடை போட்டு, அளவைக் கணக்கிடுங்கள்

இந்தப் படியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். இருட்டிய பின் கோழிகள் அமைதியாக இருக்கும்போது, ஒவ்வொன்றையும் ஒரு பையிலோ வாளியிலோ வைத்து எடை போடுங்கள். குறைந்த அளவு மருந்து புழுக்களைக் கொல்லாமல், மருந்தைத் தாங்கும் புழுக்களை மட்டும் மிச்சம் வைக்கிறது. அடுத்த முறை அதே மருந்து பலிக்காமல் போவது அதனால்தான்.

புட்டியில் உள்ள விழுக்காட்டை மில்லிகிராமாக மாற்றத் தெரிந்துகொள்ளுங்கள். நீர்ம மருந்தில் 10 விழுக்காடு என்றால் ஒரு மி.லி.யில் 100 மி.கி. மருந்து, 2.5 விழுக்காடு என்றால் 25 மி.கி. ஒரே மருந்து வெவ்வேறு செறிவுகளில் விற்கப்படுவதால், யாரோ சொன்ன "இத்தனை சொட்டு" உங்கள் புட்டிக்குப் பொருந்தும் என்ற உறுதி இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. எட்டுக் கோழிகளின் மொத்த எடை 14.5 கிலோ. கோழிகளின் குடிநீரில் கலப்பதற்கென்றே செய்யப்பட்ட ஃபென்பெண்டசோல், ஒரு மி.லி.யில் 200 மி.கி. செறிவுள்ளது, கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மி.கி. வீதம் தொடர்ந்து 5 நாள் கொடுக்க வேண்டும். அப்படியானால் ஒரு நாளைக்கு 14.5 மி.கி., அதாவது வெறும் 0.0725 மி.லி. தேவை. இதைச் சாதாரண ஊசிக்குழலால் நம்பகமாக அளக்க முடியாது. ஆகவே 1 மி.லி. மருந்தை 99 மி.லி. நீரில் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். இப்போது கரைசலின் ஒவ்வொரு மி.லி.யிலும் 2 மி.கி. இருக்கிறது. அதில் 7.3 மி.லி. எடுத்துக் குடிநீரில் கலந்தால் அன்றைய அளவு சரியாகிவிடும். கரைசலை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளாமல் தினமும் புதிதாகச் செய்யுங்கள். உங்கள் மருந்தும் செறிவும் வேறாக இருக்கலாம். எண்களை அப்படியே எடுக்காமல், கணக்கின் வழியை மட்டும் எடுத்துக்கொண்டு, விடையை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஃபென்பெண்டசோல் நீரில் கரையாத பொருள். ஆடு மாடுகளுக்கு வாய்வழி ஊற்றும் வகையைக் குடிநீரில் கலந்தால் மருந்து அடியில் படிந்துவிடும். மேல்நீரைக் குடித்த கோழிக்கு ஒன்றுமே கிடைக்காது. குடிநீருக்கான வகை கிடைக்காவிட்டால், தீவனத்தில் கலப்பதா, ஒவ்வொரு கோழிக்கும் வாயில் கொடுப்பதா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். வாயில் கொடுக்கும்போது, நாக்கின் பின்பகுதியை அடுத்து நடுவே தெரியும் சிறு துளை மூச்சுக்குழலின் வாய் என்பதை நினைவில் வையுங்கள். அலகின் ஓரத்தில் சிறிது சிறிதாக விட்டு, கோழி விழுங்கிய பின் அடுத்ததை விடுங்கள்.

7. மருந்து கொடுக்கும் நாட்கள்

வளர்ந்த கோழி சாதாரணமாக நாளுக்கு 200 முதல் 250 மி.லி. நீர் குடிக்கும், வெயிலில் இது இரு மடங்கும் ஆகலாம். மருந்தை அன்று முழுவதும் மீதமில்லாமல் குடித்து முடிக்கும் அளவு நீரில் கலந்து, அது தீர்ந்த பிறகு வெறும் நீர் வையுங்கள். வாளி, குட்டை, செடித் தொட்டி என வேறு நீர் எதுவும் எட்டாதபடி அந்த நாட்களில் அடைத்துவிடுங்கள். ஆதிக்கம் செலுத்தும் கோழி மற்றவற்றை விரட்டும் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வைப்பது நல்லது. நலிந்த கோழி குறைவாகவே குடிக்கும். அதைப் பிரித்துத் தனியே கொடுங்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ எச்சத்தில் புழுக்கள் வெளியேறுவதைக் கண்டு மருந்தை நிறுத்திவிட வேண்டாம். சொன்ன நாட்களை முழுமையாக முடியுங்கள்.

8. முட்டை விலக்கு நாட்களும் பதிவேடும்

மருந்து கொடுத்த பின் எத்தனை நாள் முட்டையும் இறைச்சியும் உண்ணக் கூடாது என்பது மருந்துக்கு மருந்தும், ஒரே மருந்தில் தயாரிப்புக்குத் தயாரிப்பும், நாட்டுக்கு நாடும் மாறும். சில தயாரிப்புகளுக்கு முட்டை விலக்கு நாளே இல்லை. சிலவற்றை முட்டையிடும் கோழிக்குக் கொடுக்கவே கூடாது. விவரத்தாளில் கோழி என்று குறிப்பிடப்படாத மருந்தை மருத்துவர் எழுதினால், விலக்கு நாட்களை அவரிடமே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். விலக்கு நாள் கடைசி வேளை மருந்திலிருந்து எண்ணப்படும். முதல் வேளையிலிருந்து அல்ல.

ஒரு குறிப்பேட்டில் மருந்தின் பெயர், செறிவு, தொகுதி எண், காலாவதித் தேதி, தொடங்கிய நாள், முடித்த நாள், கோழிகளின் எண்ணிக்கையும் எடையும், விலக்கு முடியும் நாள் ஆகியவற்றை எழுதுங்கள். அதனுடனேயே மருத்துவரின் சீட்டையும் ஆய்வக அறிக்கையையும் வையுங்கள். முட்டை விற்பவர்களுக்கு இது பல நாடுகளில் சட்டக் கடமை.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பண்ணை அளவுப் புட்டி முழுவதையும் வாங்குவதுதான் பெரிய செலவு. திறந்த பின் அது சில மாதங்களுக்குள் காலாவதியாகவும் கூடும். வேண்டிய அளவு மட்டும் மருத்துவமனையில் பிரித்துத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். தராவிட்டால், பக்கத்தில் கோழி வளர்ப்பவர்களோடு ஒரே வாரத்தில் பரிசோதனை செய்து, தேவைப்படுபவர்கள் பகிர்ந்துகொள்ளலாம்.

9. கூட்டையும் தரையையும் கவனியுங்கள்

மருந்து நாட்களில் வெளியேறும் புழுக்களோடு ஏராளமான முட்டைகளும் வருகின்றன. ஆகவே அந்த நாட்களில் அடையும் கட்டைக்குக் கீழ் தினமும் அள்ளுங்கள்; கூளம் முழுவதையும் மருந்து முடிந்த மறுநாள் மாற்றுங்கள். முன்பே மாற்றினால் உழைப்பு வீண். சாதாரணக் கிருமிநாசினிகள் புழு முட்டையின் தடித்த ஓட்டை ஊடுருவுவதில்லை. சுரண்டி எடுத்து, கொதிநீரோ நீராவியோ விட்டு, முற்றிலும் உலர விடுவதே பலிக்கும். அள்ளிய கூளத்தைக் கோழிகள் மேயும் இடத்தில் பரப்பாமல் மூடிய குவியலில் மக்க விடுங்கள்.

தண்ணீர்க் குவளையைச் சுற்றிய சேறும், கூட்டின் வாசலும்தான் முட்டைகள் மிகுந்து கிடக்கும் இடங்கள். குவளையைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றி, அடியில் சரளை கொட்டுங்கள். தீவனத்தைத் தரையில் இறைக்காதீர்கள். புல்லைக் குட்டையாக வெட்டி வெயில் மண்ணில் படவிடுங்கள். இடம் இருந்தால் மேய்ச்சல் தரையை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுங்கள். குஞ்சுகளைப் பெரிய கோழிகள் மேய்ந்த மண்ணில் விடாதீர்கள்.

10. இரண்டு மறுபரிசோதனைகள்

முதல் மறுபரிசோதனையை மருந்து முடிந்த பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் செய்யுங்கள். புதிதாகத் தொற்றிய உருண்டைப்புழு முட்டையிட ஐந்து வாரமாவது வேண்டும் என்பதால், இந்த நேரத்தில் எச்சத்தில் முட்டை மிகுதியாக இருந்தால் அதற்குக் காரணம் மண் அல்ல. மருந்து குறைவாகப் போயிருக்கிறது, அல்லது புழு அதற்குப் பழகிவிட்டது. எண்ணிக்கை 90 விழுக்காடாவது குறையவில்லை என்றால், இரண்டு அறிக்கைகளையும் எடைக் கணக்கையும் மருத்துவரிடம் காட்டி, வேறு வகை மருந்து கேளுங்கள். அதே மருந்தை அதே அளவில் மறுபடி கொடுப்பதில் பயனில்லை.

இரண்டாவது பரிசோதனை மருந்து முடிந்து எட்டு வாரம் கழித்து. முதலாவது நன்றாக இருந்து, இதில் எண்ணிக்கை ஏறியிருந்தால், மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. கோழிகள் தரையிலிருந்து மறுபடி வாங்கிக்கொள்கின்றன. அப்போது ஒன்பதாம் படிக்குத் திரும்பிச் சென்று சேறு, கூளம், மேய்ச்சல் தரை ஆகியவற்றைச் சீர்செய்யுங்கள். இரண்டும் குறைவாகவே இருந்தால், நாட்காட்டியைப் பார்த்து மருந்து கொடுக்கத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டு மாதிரி போதும்.

வெளியிலிருந்து புதிதாகக் கோழி வாங்கினால் மூன்று வாரமாவது தனியே வைத்து, அதன் எச்சத்தையும் பரிசோதித்து, தேவையானால் மருந்து கொடுத்து, எண்ணிக்கை குறைந்ததை உறுதி செய்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். வந்த அன்று எடுத்த மாதிரி சுத்தமாக இருந்தாலும், அது முட்டையிடாத இளம் புழுக்களைக் காட்டாது என்பதால், தனியே வைத்திருக்கும் காலத்தின் இறுதியில் இன்னொரு மாதிரியும், சேர்த்த பின் வரும் அடுத்த கூட்டுப் பரிசோதனையில் அதன் எச்சமும் அவசியம் இடம்பெற வேண்டும்.